அங்கோர் வாட்டைக் கட்டியது யார்? கம்போடியாவுக்கு ஓர் அறிமுகம்

இந்த மாத வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் நாடு கம்போடியா. கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அதன் தலைநகரம் புனோம் பென்னில் இறங்கிவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், நம்மில் பல பேருக்கு அந்த நாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்திதான். உங்கள் குடும்பக் குழுவிலும் வந்திருக்கும்: உலகத்திலேயே பெரிய இந்துக் கோயில் அங்கோர் வாட், அதைக் கட்டியவர் தமிழ் மன்னர் சூரியவர்மன், தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு.

இதில் ஒரு பாதி உண்மை. இன்னொரு பாதி உண்மை இல்லை. எது எந்தப் பாதி என்று பார்க்கத்தான் இந்தப் பாடம். ஆனால் நேராகக் கோயிலுக்குள் நுழைந்தால் ஒன்றும் விளங்காது. அந்த நாட்டில் எதைப் புரிந்துகொள்ள வேண்டுமானாலும் முதலில் தண்ணீரைப் புரிந்துகொள்ளணும். நான் சிவில் பொறியியல் படிப்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதீங்க. நாட்டின் நிலப்பகுதி என்பதற்குக் கெமர் மொழியில் உள்ள சொல்லே "தெக் டெய்". அதன் நேர்ப்பொருள் நீரும் நிலமும். நீர்தான் முதலில் வருது, கவனியுங்க.

திரும்பி ஓடும் ஆறு

முதலில் வரைபடம். மேற்கே தாய்லாந்து, வடக்கே லாவோஸ், கிழக்கே வியட்நாம், தென்மேற்கே தாய்லாந்து வளைகுடா. பரப்பளவு 181,035 சதுர கிலோமீட்டர். நம் தீபகற்ப மலேசியாவை விடப் பெரியது. மக்கள்தொகை சுமார் 1 கோடி 70 லட்சம். அதில் மிகப் பெரும்பாலோர் கெமர் இனத்தவர். அவர்களோடு சாம் முஸ்லிம்கள், சீனர்கள், வியட்நாமியர்கள், மலைவாழ் மக்கள் எல்லாரும் இருக்கிறார்கள். 1863 முதல் பிரெஞ்சுக்காரர்களின் பாதுகாப்பில் இருந்து, 1953-ல் சுதந்திரம் பெற்றது. 1999-ல் ஆசியானில் சேர்ந்தது. மன்னர் உண்டு; 2004 முதல் நொரோடம் சிஹாமொனி அரியணையில் இருக்கிறார். பணம் ரியெல். ஆனால் கடையில் அமெரிக்க டாலர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், மிச்சத்தை ரியெலில் தருவார்கள்.

வரைபடத்தில் ஊர்ப் பெயர்களைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். கம்போங் சாம், கம்போங் தோம், கம்போங் ச்னாங் என்று ஒரே கம்போங்காக இருக்கும். ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்குக் கிராமம் என்று பொருள் இல்லை. படகு ஒதுங்கும் ஆற்றங்கரை, படித்துறை என்று பொருள். இங்கேயும் தண்ணீர்தான்.

நாட்டின் நடுவில் தொன்லே சாப் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுதான். இந்த ஏரியிலிருந்து அதே பெயரில் ஓர் ஆறு புறப்பட்டு, புனோம் பென்னில் மீகோங் ஆற்றோடு கலக்கிறது. வறண்ட மாதங்களில் எல்லாம் ஒழுங்காக நடக்கும்: ஏரித் தண்ணீர் ஆற்றில் இறங்கி, மீகோங்கில் சேர்ந்து, கடலுக்குப் போகும். ஜூன் மாதம் மழை பிடித்ததும் மீகோங் வீங்க ஆரம்பிக்கும். அதன் நீர்மட்டம் ஏரியின் மட்டத்தைத் தாண்டியதும் தொன்லே சாப் ஆறு அப்படியே திரும்பி, ஏரியை நோக்கி ஓட ஆரம்பிச்சிடும்!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பள்ளியில் படித்த அழுத்தம்தான்: எந்தப் பக்கம் மட்டம் உயரமோ, அங்கிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நீர் போகும். ஆனால் ஒரு நாடு முழுக்க அந்தச் சின்ன விதியின் மேல் வாழ்கிறது. வறண்ட காலத்தில் 2,500 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, மழைக்காலத்தில் 15,000 சதுர கிலோமீட்டர் வரை பரவும். ஆழம் ஒரு மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை ஏறும். கரையோரக் காடுகள் மூழ்கும். மூழ்கிய மரங்களுக்கு நடுவில் மீன் குஞ்சு பொரிக்கும். நீர் வடிந்ததும் அந்த வண்டல் மண்ணில் நெல் விளையும். ஏரிக்கரை ஊர்களில் வீடுகள் ஆறேழு மீட்டர் உயரமான கால்களில் நிற்கின்றன. சில ஊர்களில் வீடே மிதக்கிறது, பள்ளிக்கூடமும் மிதக்கிறது.

நவம்பரில் ஆறு மறுபடியும் திசை மாறும்போது "போன் ஓம் தூக்" என்னும் படகுத் திருவிழா. கெமர் மாதமான காடெக்கின் பௌர்ணமியை ஒட்டி, மூன்று நாள் நாடே புனோம் பென் ஆற்றங்கரையில் நிற்கும். காடெக் என்ற பெயர் எதிலிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறதா? கார்த்திகை. அவர்களுடைய மற்ற மாதப் பெயர்களும் அப்படித்தான்: சேத் என்றால் சித்திரை, பிசாக் என்றால் வைகாசி.

இந்த ஏரி மீன் இல்லாமல் அந்த நாட்டில் சமையல் இல்லை. பிடித்த மீனை உப்புப் போட்டு நொதிக்க வைத்துப் பிரஹோக் என்று ஒரு விழுது செய்வார்கள். நம் வீட்டில் பிளாச்சான் மணம் தாங்க முடியாதவர்கள் அந்தப் பக்கம் போகாதீங்க. அமோக் என்பது வேறு ரகம்: தேங்காய்ப்பாலும் மசாலாவும் சேர்த்து வாழையிலையில் வேகவைத்த மீன், ரொம்ப மென்மையாக இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடணும், ஏன்னா காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும்.

கோயிலுக்கு முன்னால் குளம்

அங்கோர் என்பது கோயிலின் பெயர் இல்லை. அது "நகரம்" என்ற சொல்லின் கெமர் வடிவம். 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை கெமர் பேரரசின் தலைநகரப் பகுதி அது. அதற்கு முன்பும் ஃபூனான், சென்லா என்று சீனர்கள் குறித்துவைத்த அரசுகள் அங்கே இருந்தன. ஆனால் அங்கோரின் கணக்கு 802-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு இரண்டாம் ஜெயவர்மன் குலேன் மலையின் மேல் ஒரு சடங்கு செய்வித்துத் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார் என்று பிற்காலக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அந்த மலையில் பிறக்கும் ஆறுதான் அங்கோர் சமவெளிக்கு நீர் தருகிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் ஆற்றுப் படுகைப் பாறையிலேயே நூற்றுக்கணக்கில் லிங்கங்களைச் செதுக்கினார்கள். கீழே வயலுக்குப் போகும் நீர் முதலில் லிங்கங்களைத் தொட்டுவிட்டுப் போகணும் என்பது நினைப்பு. குபால் ஸ்பியன் என்ற இடத்தில் இன்றும் பார்க்கலாம்.

அந்த ஊரில் மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. மிச்ச மாதங்களில் வானம் வறண்டு கிடக்கும். பெரிய நகரத்துக்குச் சோறு போடணும் என்றால் மழைநீரைத் தேக்கியாகணும். அதற்குத்தான் பாராய் என்னும் ஏரிகள். மேற்குப் பாராயின் நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 11-ஆம் நூற்றாண்டு வேலை. மூன்று மீட்டர் நீர் நின்றாலே சுமார் 5 கோடி கன மீட்டர் வருது, கணக்குப் போட்டுப் பாருங்க. பள்ளம் தோண்டிச் செய்த குளம் இல்லை அது. தரைக்கு மேல் நாலு பக்கமும் மண்கரை எழுப்பி நீரைப் பிடித்திருக்கிறார்கள். ஏன்? தோண்டிய குளத்திலிருந்து நீரை இறைக்கணும். தரைக்கு மேல் நிற்கும் நீரை மதகு திறந்தால் போதும், புவியீர்ப்பே வயலுக்குக் கொண்டுபோகும். மோட்டார் இல்லாத காலத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான முடிவு எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பாராய்கள் பாசனத்துக்கா, இல்லை பாற்கடலைக் குறிக்கும் அடையாளமா என்று ஆய்வாளர்கள் பல காலம் சண்டை போட்டார்கள். இரண்டும்தான் என்பது என் எண்ணம். மேற்குப் பாராயின் நடுத்தீவில், 1936-ல், பள்ளிகொண்ட விஷ்ணுவின் மிகப் பெரிய வெண்கலச் சிலையின் பகுதிகள் கிடைத்தன. நீர்த்தேக்கத்தின் நடுவில் நீரில் படுத்த பெருமாள்! கட்டியவர்கள் பொறியியலையும் பக்தியையும் வேறு வேறு அறைகளில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

2012-லும் 2015-லும் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் கதிர் வீசிக் காட்டுக்கு அடியில் இருக்கும் தரையை அளந்தார்கள். லைடார் என்பார்கள். மரங்களை நீக்கிப் பார்த்தால் சாலைகள், கால்வாய்கள், வீட்டு மேடுகள், குட்டைகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கோயில்கள் கல், அதனால் மிஞ்சின. மக்கள் வாழ்ந்த வீடுகள் மரமும் ஓலையும், அவை மக்கிப்போயின. நாம் படத்தில் பார்ப்பது ஒரு பெரிய நகரத்தின் எலும்பு மட்டுமே.

இப்போது அந்தப் பெரிய கோயிலுக்கு வருவோம். அங்கோர் வாட்டைக் கட்டுவித்தவர் இரண்டாம் சூரியவர்மன். 1113-ல் ஆட்சிக்கு வந்தவர். கோயில் விஷ்ணுவுக்கு. வழக்கத்துக்கு மாறாக மேற்கு நோக்கி நிற்கிறது. சுற்றியுள்ள அகழியின் அகலம் 190 மீட்டர். வெளிச்சுற்று 5 கிலோமீட்டருக்கும் மேல். நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர். உள்ளே செம்மண் பாறைக் கல், வெளியே மணற்பாறை. மணற்பாறை முழுக்கக் குலேன் மலையடிவாரத்திலிருந்து கால்வாய் வழியாக வந்தது. நமக்குத் தெரிந்த வளைவுக் கட்டுமானம் அங்கே இல்லை. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீட்டி, உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். அந்த முறையில் அகலமான கூடம் வராது. அதனால்தான் அவ்வளவு பெரிய கோயிலில் நடைகள் எல்லாம் ஒடுக்கமாக இருக்கு.

கிழக்குப் பக்கச் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் விஷ்ணு, கீழே துண்டு துண்டாகும் மீன்களும் முதலைகளும். அந்த மீன்கள் தொன்லே சாப் மீன்கள்தான் என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

அப்படியென்றால் கட்டியது யார்?

கெமர்கள். சூரியவர்மன் கெமர் அரசர். அவர் பரம்பரை, அவர் குருமார்கள், அவர் போர்கள் எல்லாம் கம்போடியக் கல்வெட்டுகளில் இருக்கு. அவை சமஸ்கிருதத்திலும் கெமரிலும் எழுதப்பட்டவை. சோழர்கள் கம்போடியாவைப் பிடித்ததாக எந்தச் சான்றும் கிடையாது. ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்பு ஸ்ரீவிஜயத்தின் மீது. நம் கெடாவான கடாரம் அதில் வருது, கம்போடியா வரவில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது? "வர்மன்" என்ற பட்டத்திலிருந்து. பல்லவர்களும் அதை வைத்துக்கொண்டார்கள், கெமர் அரசர்களும் வைத்துக்கொண்டார்கள். 600-ஐ ஒட்டிய காலத்தில் காஞ்சியில் ஒரு மகேந்திரவர்மன், அங்கே சென்லாவில் ஒரு மகேந்திரவர்மன்! பெயரை மட்டும் பார்த்து ஊரை முடிவு செய்வது என்றால், நம் வகுப்பில் இருக்கும் எத்தனையோ ரமேஷ்களும் பிரியாக்களும் வட இந்தியர்கள் ஆகிவிடுவார்கள்.

பொய்யான செய்தியை அனுப்புவதில் இன்னொரு நட்டமும் உண்டு: உண்மையான தொடர்புகள் அதன் கீழே புதைந்து போகின்றன. அவை குறைந்தவை இல்லை.

முதலாவது எழுத்து. கெமர் எழுத்து பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து வளர்ந்தது. தேதி உள்ள கெமர் மொழிக் கல்வெட்டுகளில் மிகப் பழையது 611-ஆம் ஆண்டினது. தாய் எழுத்து கெமரிலிருந்து வந்தது. நாம் ஜ, ஷ, ஸ, ஹ எழுதுகிறோமே, அந்தக் கிரந்த எழுத்தும் அதே குடும்பம்தான். கெமர்ப் பிள்ளைகள் பாடும் அரிச்சுவடியும் க-வில் தொடங்கி ங-வில் முதல் வரிசையை முடிக்கும். ஆனால் மொழி வேறு குடும்பம். நம்முடையது திராவிடம், அவர்களுடையது ஆஸ்ட்ரோ ஆசிய மொழி. எண்ணுவதே வேறு மாதிரி: ஆறு என்பதற்கு "ஐந்து ஒன்று", ஏழுக்கு "ஐந்து இரண்டு" என்பார்கள்.

எண் என்றதும் ஒன்று சொல்லியாகணும். மீகோங் கரையில் சம்போர் என்ற இடத்தில் கிடைத்த ஒரு கெமர்க் கல்வெட்டில் சக ஆண்டு 605 என்று இருக்கு, அதாவது கி.பி. 683. அந்த எண்ணின் நடுவில் சுழியத்துக்கு ஒரு புள்ளி. உலகில் ஆண்டோடு கிடைத்த மிகப் பழைய சுழியக் குறிகளில் அதுவும் ஒன்று. பொறியியல், கணினி படிக்கிறவர்கள் அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டாவது சோழர்களோடு இருந்த நட்பு. காம்போஜ மன்னர் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடுகள் சொல்கின்றன. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் காம்போஜ அரசரிடமிருந்து வந்த ஓர் அரிய கல் சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதாக 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கு. சமமான இரண்டு அரசுகள் பரிசு கொடுத்துப் பழகிய கதை இது. யாரும் யாரையும் ஆளவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கோரிலிருந்து வடகிழக்கே பன்தேய் ஸ்ரே என்று ஒரு சின்னச் சிவன் கோயில், 967-ல் குடமுழுக்கு ஆனது. கட்டியவர் அரசர் இல்லை. யஜ்ஞவராகர் என்ற அரச குரு. இளஞ்சிவப்பு மணற்பாறையில், மரத்தில் செதுக்கியது போன்ற நுணுக்கம். அதன் கிழக்கு வாயில் முகப்பில் பல கைகளோடு சிவன் ஆடுகிறார். காலடியில் ஒரு பக்கம் எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். நம் திருமுறை வகுப்பில் படிக்கும் அதே பேயம்மை! சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது அங்கோர் வாட் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில். அதற்கு 150 ஆண்டுகளுக்கும் மேல் முன்பே ஒரு கெமர்ச் சிற்பி அம்மையாரைக் கல்லில் வைத்துவிட்டார். படை போகாத இடத்துக்கு ஒரு பக்தையின் கதை போயிருக்கு. சுற்றுலாக் கூட்டம் அந்த முகப்புக்கு அடியில் நடந்து நேராக உள்ளே போய்விடும். நீங்கள் தலையைத் தூக்கிப் பாருங்க.

வாங்கியதை அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவும் இல்லை. கெமர் இராமாயணத்துக்குப் பெயர் ரியாம்கேர். அதில் அனுமன் இலங்கைக்குப் பாலம் கட்டும்போது, போட்ட கற்களைக் கடலுக்கு அடியில் யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். குதித்துப் பார்த்தால் சொவன் மச்சா என்ற பொன் மீன்கன்னி, ராவணனின் மகள். கடைசியில் இருவருக்கும் காதல்! நம் அனுமன் பக்தர்கள் கோபப்படக் கூடாது. கம்பரும் வால்மீகியை அப்படியே எடுத்து எழுதவில்லை. கிளந்தான் வாயாங் கூலிட்டிலும் ராமர் கதை வேறு பாதையில் போகும். ஏரியும் ஆறுமாக இருக்கும் நாட்டில், கடலுக்குப் பாலம் போடும் கதைக்குள் ஒரு மீன் வந்து சேராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கோயில் விகாரை ஆன கதை

12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏழாம் ஜெயவர்மன் வந்தார். மகாயான பௌத்தர். அங்கோர் தோம் என்ற மதில் நகரமும், பாயோன் கோயிலின் அந்தப் புன்னகைக்கும் கல் முகங்களும் இவருடையவை. நாடு முழுக்க 102 மருத்துவமனைகள் இருந்ததாக இவருடைய கல்வெட்டு சொல்கிறது. பிறகு மக்கள் மெதுவாகத் தேரவாத பௌத்தத்துக்குப் போனார்கள். இன்றைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பௌத்தர்கள்.

14, 15-ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சிகளும் நடுநடுவே பேய்மழையும் வந்ததை வியட்நாம் மலைமரங்களின் வளையங்கள் காட்டுகின்றன. வறட்சிக்குச் சுருக்கி வைத்த கால்வாய்களை வெள்ளம் உடைத்துக்கொண்டு போனது. எவ்வளவு பெரிய நீர் வலையோ, அவ்வளவு சேதம். ஓர் இடம் உடைந்தால் அடுத்த இடமும் போகும். 1431-ல் அயுத்தயா படை நகரைப் பிடித்தது. தலைநகரம் தெற்கே போய்விட்டது. ஆனால் அங்கோர் வாட் ஒருபோதும் காணாமல் போகவில்லை. பிக்குகள் அங்கேயே இருந்தார்கள். 1860-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் "கண்டுபிடித்தார்" என்று எழுதுவது, பக்கத்து வீட்டு ஆயாவின் வீட்டை நாம் கண்டுபிடித்தோம் என்று சொல்வது மாதிரி.

கோயிலின் மேற்கு வாயிலில் எட்டுக் கை விஷ்ணு சிலை ஒன்று நிற்கிறது. மக்கள் அதற்கு மஞ்சள் துணி போர்த்தி, ஊதுபத்தி ஏற்றி, "தா ரீச்" என்று வணங்குகிறார்கள். கெமரில் தா என்றால் தாத்தா. ரீச் என்றால் அரச. அவர்களுக்கு அவர் ஊரைக் காக்கும் தாத்தா. அவரிடம் போய் "நீ எங்க சாமி" என்று உரிமை கொண்டாடுவதை விட, பக்கத்தில் நின்று அவர்களோடு சேர்ந்து கும்பிடுவது நல்லா இருக்கும்.

புத்தாண்டு நமக்கும் அவர்களுக்கும் ஒரே சமயத்தில், ஏப்ரல் நடுவில். நாம் புரட்டாசியில் மகாளய பட்சத்தில் முன்னோர்களுக்குப் பிண்டம் வைக்கும் அதே தேய்பிறையில் அங்கே ப்சும் பென். பதினைந்து நாள். விடிவதற்கு முன்பே விகாரைக்குப் போய், அதைச் சுற்றி வந்து, பசியோடு அலையும் முன்னோர்களுக்காகச் சோற்று உருண்டைகளை இருட்டில் போடுவார்கள். பென் என்ற சொல்லே பிண்டம்தான். மே மாதம் அரச ஏர்பூட்டு விழாவில் அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் வருகிறார்கள். உழுது முடித்த காளைகள் முன் நெல், சோளம், பயறு, எள், புல், தண்ணீர், மது என்று ஏழு தட்டு வைப்பார்கள். எதைத் தின்கிறதோ அதை வைத்து அந்த ஆண்டு விளைச்சலைச் சொல்வார்கள். இன்னொன்று: கம்போடியாவின் தேசிய மரம் பனை. தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுதான். வயல்வரப்பில் பனை நிற்பதைப் பார்த்தால் எங்கள் தாத்தா சொல்லும் ஊர்க் கதைகள் ஞாபகத்துக்கு வருது.

1975

இதைச் சொல்லாமல் கம்போடியாவைச் சொல்ல முடியாது. 1975 ஏப்ரல் 17, புத்தாண்டு முடிந்த கையோடு, போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் படை புனோம் பென்னுக்குள் நுழைந்தது. சில நாள்களுக்குள் நகர மக்கள் எல்லாரையும், மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்கள் உட்பட, வயலுக்கு விரட்டினார்கள். பணம் ஒழிக்கப்பட்டது. பள்ளி, விகாரை, பள்ளிவாசல் எல்லாம் மூடப்பட்டன. ஆசிரியர், பிக்கு, மருத்துவர், கலைஞர் என்று படித்தவர்களைத் தேடிக் கொன்றார்கள். 1979 ஜனவரி 7 வரை, நான்கு ஆண்டுகூட நிறையாத காலத்தில், பசி, நோய், கொலையால் செத்தவர்கள் 15 முதல் 20 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர். துவோல் ஸ்லெங் சிறை ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைகளைத்தான் சித்திரவதைக்கூடம் ஆக்கினார்கள். இப்போது அது அருங்காட்சியகம். போகிறவர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு சிரிக்காதீங்க.

கெமர்ச் செவ்வியல் நடனம் உடலிலிருந்து உடலுக்கு, ஆசிரியரிடமிருந்து மாணவிக்குப் போவது. பரதம் கற்கும் தங்கைகளுக்கு இது தெரியும். முத்திரையைப் புத்தகத்தில் பார்த்துப் பிடிக்க முடியாது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் செத்துவிட்டால் கலையும் சாகும். 1979-க்குப் பிறகு பிழைத்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிச் சேர்ந்து, உனக்கு எந்த அடவு நினைவிருக்கு, எனக்கு எது நினைவிருக்கு என்று துண்டு துண்டாக மீட்டார்கள். அவர்களில் ஒருவர் சியா சாமி அம்மையார், அரண்மனையில் சிறுமியாக ஆடக் கற்றவர். அவருடைய கணவர் போல் பாட்டின் சொந்த அண்ணன் என்பது அந்த நாட்டு வரலாற்றின் கொடுமைகளில் ஒன்று. அநாதைப் பிள்ளைகளுக்கு அவர் விரலைப் பின்னோக்கி வளைக்கக் கற்றுக்கொடுத்தார். 2003-ல் யுனெஸ்கோ அந்த நடனத்தை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

போக நினைப்பவர்களுக்கு

போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் சில மாநிலங்களில் மண்ணுக்குள் இருக்கு. பயிற்சி பெற்ற பெரிய எலிகள் அவற்றை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கின்றன. மகாவா என்ற எலி தன் பணிக்காலத்தில் மொத்தம் 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது; 2020-ல் பதக்கமே வாங்கியது. ஆகவே போட்ட பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீங்க. இன்னொரு கவலை ஏரி. மீகோங்கின் மேல்பகுதியில் அணைகள், கீழே மணல் அள்ளுதல், இடையில் வறட்சி எல்லாம் சேர்ந்து, திரும்பி ஓடும் ஆறு சில ஆண்டுகளில் தாமதமாகவும் பலவீனமாகவும் திரும்புகிறது. நீரியல் படிக்க நினைக்கும் தம்பிகளுக்கு இதைவிடப் பெரிய பாடம் பக்கத்தில் கிடையாது.

மூன்று நாள் இருந்தால் முதல் நாளே அங்கோர் வாட்டுக்கு ஓடாமல் பன்தேய் ஸ்ரேயில் தொடங்குங்கள், கண்ணுக்கு அளவு பிடிபடும். தா ப்ரோமில் மரவேர்களுக்கு நடுவே நடக்கும் சீரமைப்பில் இந்தியத் தொல்லியல் துறையின் கை இருக்கு, கவனித்துப் பாருங்க. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். இல்லையென்றால் அங்கோர் வாட்டின் மேல்தளத்தில் விட மாட்டார்கள். வாசலில் சின்னப் பிள்ளைகள் அஞ்சலட்டை விற்க வருவார்கள். பாவமாக இருந்தாலும் அவர்களிடம் வாங்காதீங்க; விற்பனை நடந்தால் பள்ளிக்குப் போக மாட்டார்கள். பெரியவர்கள் கடையில் வாங்குங்க. வாங்கியதும் கைகூப்பி "ஓகுன்" என்று சொல்லுங்க. நன்றி என்று பொருள். அதில் வரும் குன், நம் குணம்தான்.